பாலை மட்டும் மாற்று

உன் பாலாடை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பழைய மலையாளப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, இன்று காலை உன் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தைக்குப் பால் புகட்டும் அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தை உனக்கு நான் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மூக்கு நீண்டு குறுகியிருக்கும், மறு பக்கம் உன் குழந்தை அம்முவின் பால்பல் கடித்த தடம் இருக்கும். உள்ளே முழுக்கக் கறுத்துவிட்டது. "சென்னைக்குக் கொண்டு போனாலும் பரண்லதான் கெடக்கப் போறது. நீங்களே வச்சுக்கோங்கோ," என்றார். லாரி முன்னால் போக, காரில் அவரும் அம்முவும் பின்னால் போனார்கள். கீழ்வீடு காலி.

மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். பத்திரிகை மையின் வாசனைதான் வந்தது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, வைக்கவில்லை. பால் சோதனைக்கூடத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள் நான். எதையும் முதலில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரைத் தொடுவேன். இதை மட்டும் காலையிலிருந்து வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை இன்று எழுதிவிடலாம் என்று மட்டும் தோன்றியது.

நீங்கள் மலையாளத்து ஊரான இந்தக் கழக்கூட்டத்தில் இந்த வீட்டின் கீழ்ப் பகுதிக்குக் குடிவந்தபோது, இரண்டு கட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் மேசையும் தவிர உங்களிடம் சாமான் என்று ஒன்றும் இல்லை. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நீ இங்கேயே நகரத்துக் கோட்டைக்குள், தமிழ் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நாகர்கோவில்காரி. மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வெளியே நாள் முழுக்க மலையாளம் பேசிவிட்டு வந்து, நாம் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து அவரவர் தமிழில் பேசிக்கொள்வோம்.

"நீ பேசறதைக் கேட்டா சண்டைக்கு வரா மாதிரியே இருக்குடி," என்பாய்.

"நீ பேசுகது மந்திரம் சொல்லுகது மாதிரில்லா இருக்கு. தட்சிணை வச்சிரட்டா?" என்பேன்.

அம்மு பிறந்ததும் நீ வேலையை விட்டாய். ஒரு வருஷம்தான், பிறகு சேர்ந்துவிடுவேன் என்றாய். அவளுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போதே இடது பக்கம் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாய். பால் கட்டிக்கொண்டிருக்கிறது என்று நீ சொன்னாய், நானும் அதைத்தான் சொன்னேன். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டாய். கரையவில்லை. அவளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோதுதான் டாக்டரிடம் போனாய்.

அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது நீ மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பால் கட்டு இல்லையாம்," என்றாய். பிறகு, "பத்து நாள் டைம் குடுத்திருக்கா. அதுக்குள்ள கொழந்தையைப் பால் மறக்கடிக்கணும். மருந்து ஏத்த ஆரம்பிச்சா அப்புறம் குடுக்கப்படாது," என்றாய். நான் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றேன். நீயே மறுபடியும் பேசினாய்.

"நீ பால் ஆபீஸ்காரி அல்லே? சொல்லு, எந்தப் பால் குடுக்கறது?"

அதற்கப்புறம் நாம் பேசியதெல்லாம் அந்த ஒரே கேள்விதான். மற்றதைப் பேச உனக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. பாலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று இருந்தது.

எனக்குப் பாலைப் பற்றித் தெரியும், பிள்ளைகளைப் பற்றித் தெரியாது. அதை நான் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வயசு தாண்டிவிட்டது, நன்றாகக் காய்ச்சிய பசும்பாலே போதும், தண்ணீர் கலக்காதே, டின் மாவுக்கு அவசியம் இல்லை என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு பால்புட்டி வாங்கி வந்தார். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"புட்டி வேண்டாம் சார். ரப்பருக்குள்ள அழுக்கு நிக்கும், எவ்வளவு கழுகினாலும் போவாது. பாலாடையே போதும்."

இந்த வார்த்தைகளை நான் சொன்னேன் என்பதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

நீ உன் வழிக்கு ஒரு நோட்டை எடுத்து வந்தாய். ஆபீஸில் புரோகிராம் எழுதுகிற பழக்கம் உன்னை விடவில்லை. மேலே நாள், பக்கத்தில் பாலின் பெயர், குடித்தால் டிக், குடிக்காவிட்டால் குறுக்குக் கோடு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாய். "ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் மாத்தணும், கேட்டியோ? ரெண்டை மாத்தினா எதுல தப்புன்னு தெரியாது. பாலை மட்டும் மாத்து. பாக்கி எல்லாம் அப்படியே இருக்கட்டும்," என்றாய். அப்படியே இருக்க வேண்டியவற்றையும் எழுதினாய். அதே பாலாடை, அதே ஜன்னலோரம், காலை ஏழு மணி, சாயங்காலம் ஆறு மணி. புகட்டுவது என் கை, ஏனென்றால் உன் மடியில் இருந்தால் அவளுக்கு உன் வாசனை வந்துவிடும். நாம் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

பால் மறக்கடிக்க மார்பில் சென்னிநாயகம் பூசுவது உங்கள் தெருவிலும் வழக்கம், எங்கள் பக்கத்திலும் வழக்கம்தான். சாலைக் கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடையில் நான்தான் வாங்கி வந்தேன். கறுப்புக் கட்டி, பிசின் மாதிரி, வாயில் பட்டால் பொழுது முழுக்கக் கசக்கும். தினமும் காலையில் அதைச் சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டு இழைக்க வேண்டும். உனக்குக் கை வலி, அதனால் இழைப்பதும் என் வேலையானது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், அதிகமானால் வழிந்துவிடும். பாலாடைக்குத்தான் அளவான மூக்கு இருக்கிறதே. அதில் தண்ணீர் எடுத்து, கல்லில் நாலு சொட்டு விட்டு, மூக்கு நுனியாலேயே கொஞ்சம் குழப்பியும் விடுவேன். நீ உள்ளே எடுத்துப்போய்ப் பூசிக்கொள்வாய். நான் பாலாடையை அலம்பி, பால் ஊற்றி, குழந்தையை மடியில் போட்டுக்கொள்வேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ என்னைவிடச் சுருக்காகப் பிடிக்கிறவள். ஆனால் அப்போது உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

முதல் நாள் பாக்கெட் பால். உதட்டில் பட்டதுமே அம்மு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துப்பினாள். நீ கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டாய். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டில் கறந்த பசும்பால் சொல்லி வைத்தேன். லாக்டோமீட்டர் போட்டுப் பார்த்தேன், கொழுப்புப் பார்த்தேன், பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் குடித்தும் பார்த்தேன். அருமையான பால். அம்மு அலறினாள். ஐந்தாம் நாள் டின் மாவு. அவசியம் இல்லை என்று சொன்ன நானே கலக்கிக் கொடுத்தேன். துப்பினாள். ஏழாம் நாள் ஆட்டுப்பால் கொண்டு வந்தேன்.

"எங்காத்துக்குள்ள ஆட்டுப்பாலா!" என்று நீ வாயைப் பொத்திக்கொண்டாய். பிறகு, "சாரமில்லை, போகட்டும். பகவான் கண்ணை மூடிக்கட்டும். குடு," என்றாய்.

அந்தப் பத்து நாளில் நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதற்கும் ஒரு குறுக்குக் கோடு விழுந்தது.

குழந்தை பருப்புசாதம் இரண்டு வாய் வாங்கினாள், குறுக்கிய கூழ் கொஞ்சம் வாங்கினாள். பால் மட்டும் இல்லை. தூக்கம் இல்லை. கன்னம் வற்றிப்போனது. உன் மடிக்கு ஓடி வருவாள், வாயை வைப்பாள், கசந்ததும் உன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு ஜன்னலோரத்துக்கு என்னிடம் வருவாள். என்னிடமும் கசப்பு. எங்கே போனாலும் அந்தக் குழந்தைக்குக் கசப்பைத்தான் கொடுத்தோம். ஏழாம் நாளுக்கு அப்புறம் அவள் உன் மடிக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். தரையில் தனியாக உட்கார்ந்து செருப்பை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நோட்டை மூடிவிட்டு நீ சொன்னாய்: "தெரியறதுடி எனக்கு. இது வேற யார் பாலும் குடிக்காது. நான் போப்போறேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு." சொல்லும்போது உன் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. அந்தப் பத்து நாளில் உனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான் என்று எனக்கு அப்போதே பட்டது.

பத்தாம் நாள் நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "இது ஏதாவது ஒண்ணைக் குடிச்சாத்தான் போவேன். கொழந்தையைப் பட்டினி போட்டுட்டு என்னால அங்க போய்ப் படுத்துண்டிருக்க முடியாது," என்றாய். உன் வீட்டுக்காரர் கெஞ்சினார். நான் திட்டினேன். நீ அசையவில்லை. ஐந்து நாள் தள்ளிப்போட்டாய். அந்த ஐந்து நாளும் நான் ஒழுங்காகச் சென்னிநாயகம் இழைத்தேன், ஒழுங்காகப் பாலாடையை அலம்பினேன். எருமைப்பால்கூடக் கொடுத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் அவர் உன் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காரில் ஏற்றினார். அம்முவை என்னிடம் விட்டுப் போனீர்கள். கார்க் கண்ணாடியை இறக்கி நீ சொன்னது, "ஏழு மணிக்கு மறந்துடாதே."

மறக்கவில்லை. அன்று இழைக்க வேண்டியதில்லை, கல் சும்மா கிடந்தது. வீட்டில் இருந்தது பாக்கெட் பால்தான். காய்ச்சி, ஆற்றி, பாலாடையில் ஊற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நுனி உதட்டில் பட்டதும் அவள் கையை வீசித் தட்டினாள். பால் என் மணிக்கட்டில் வழிந்தது. வேலையில் செய்கிற பழக்கத்தில் அதை நக்கினேன்.

கசந்தது. பால் கெட்டுவிட்டதோ என்று பாத்திரத்திலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல பால். பிறகு பாலாடையின் மூக்கை என் வாயில் வைத்துச் சப்பினேன். அலம்பியும் போகாத சென்னிநாயகம் அந்த மூக்குக்குள் இருந்தது. ரப்பருக்குள் அழுக்கு நிற்கும் என்று சொன்னவள் நான். இத்தனை பாலையும் பாத்திரத்திலிருந்து குடித்துப் பார்த்தவள், குழந்தை குடிக்கிற இடத்தில் ஒரு நாள்கூட வாய் வைத்துப் பார்க்கவில்லை.

எழுந்துபோய் என் வீட்டு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டு வந்தேன். அதே பாக்கெட் பாலை ஊற்றி அவள் வாயில் வைத்தேன். முதலில் பயந்து பயந்து ஒரு சொட்டு. பிறகு இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடாமல் குடித்தாள். இன்னும் வேண்டும் என்று டம்ளரைத் தரையில் தட்டினாள். இரண்டாவது டம்ளரும் முடிந்தது. என் தோளில் சாய்ந்து ஏப்பம் விட்டு, பதினைந்து நாளாகத் தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள். நடுவில் விழித்து உன்னைத் தேடவில்லை. சாயங்காலமும் தேடவில்லை. இதைத்தான் நான் உன்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததுமே, "குடிச்சுதா?" என்றாய்.

"குடிச்சா."

"எந்தப் பால்?"

"பாக்கெட் பால்தான்."

நீ கூரையைப் பார்த்தாய். முதல் நாள் கட்டத்தில் முதலில் எழுதிய பால் அது. பிறகு மெதுவாக, "உடனே குடிச்சுதா?" என்று கேட்டாய்.

வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ்ஸில் வந்தேன். பாலாடைதான் கசந்தது, தப்பு என்னுடையது, குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, அவளுக்குப் பசிதான் இருந்தது என்று சொல்ல வேண்டும். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொன்னது வேறு.

"உடனே எங்க குடிச்சா? வாசலையே பாத்துட்டு இருந்தா. உன் சேலையை எடுத்து மடியில போட்ட பெறவுதான் ஒரு வாய் எறங்கிச்சு. அதும் அழுதுட்டே."

"நான் சொன்னேனே," என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். உன் கண்ணோரம் நனைந்தது, ஆனால் வாய் சிரித்த மாதிரி இருந்தது. என் கையை எடுத்து உன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாய். உன் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதை நான் தொடவே இல்லை.

அதற்கப்புறம் பதினோரு மாதம் இருந்தாய். வந்து போகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாய். பதினைந்து நாள், ஐந்து பால், ஒன்றையும் தொடவில்லை என் குழந்தை என்பாய். நோட்டை எடுத்துக் காட்டுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் இன்னொரு நாள் என்று விட்டுவிடுவேன். சொன்னால் உன் கையில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஐந்து நாளைப் பற்றி டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். அதனால் ஒன்றும் மாறியிருக்காது என்றார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போய்க் கேட்டேன். அதே பதிலைத்தான் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் அவள் உன் மடியில் கிடந்து, நீ டம்ளரில் பால் கொடுத்து, அவள் குடித்து, நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கு எந்த டாக்டரும் பதில் சொல்ல முடியாது. அது நான் இழைத்துக் கெடுத்தது.

இன்று காலை, லாரியில் கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அம்மு மாடிக்கு வந்தாள். உயரமாகிவிட்டாள், உன் நெற்றி, உன் நடை. பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து தினமும் காலையில் என் வீட்டில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுத்தான் போவாள். இன்றைக்கும் அதே எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நான் ஆர் குடுத்தாலும் பால் குடிக்கல்லை அல்லே? அப்பா எப்பவும் சொல்லுவா."

"ஆமா மக்கா."

"சத்தியமா? ஒரு துள்ளிகூட?"

"எதுக்குக் கேக்க?"

"புது ஸ்கூல்ல எல்லாரும் அம்மாவைப் பத்திக் கேப்பா. எனக்கு அம்மா முகமே ஓர்மை இல்லை. போட்டோதான் ஓர்மை. இது ஒண்ணுதான் நான் அம்மாவுக்காகப் பண்ணினது."

அவள் என்னையே பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ பார்த்த மாதிரியேதான்.

"சத்தியமா," என்றேன். "ஒரு துள்ளிகூடக் குடிக்கல்ல. வாசலையே பாத்துட்டு இருந்த."

அவள் தலையாட்டினாள். பாலைக் குடித்து முடித்து, மேலுதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, டம்ளரை அலம்பிக் கவிழ்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

உன்னிடம் சொன்ன பொய் உன்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது இன்றைக்குச் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உண்மை என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, அதைக் கேட்க உன்னைத் தவிர யாரும் இல்லை, நீயும் இல்லை. அதனால் நானே வைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதிவிட்டு, பாலாடையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன் மூக்கை வாயில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். கசக்கும் என்று நினைத்தேன். கசந்தால் தேவலை என்றும் நினைத்தேன். இன்னொரு தடவை ஊற்றிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான்.